இன்ஜின் பாகமும் லைஃப் ஜாக்கெட்டும் நம்ம நோட்டுல வரணும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

  நான் மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவள். பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மாசக் கூட்டத்துல தீர்மானம் வாசிக்கச் சொன்னாலே எனக்குக் குரல் நடுங்கும். "நீ இன்ஜினைப் பத்திப் பேசு, கடலோரக் குழுக்களுக்கு உபயோகமா இருக்கும்"னு தலைவி அக்கா சொன்னதால வந்து நிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க ஊரு மன்னார் வளைகுடா கரையில, தென்கடல் பக்கம். எங்க வீட்டுக்காரரு பைபர் படகுல அவுட்போர்டு இன்ஜின் மாட்டி நண்டு வலைக்கும் கணவாய்க்கும் போறாரு. கூட என் கொழுந்தனாரு போவாரு. எனக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன். எங்க கதை இங்க இருக்கிற பாதிப் பேர் வீட்டுக் கதைதான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, கார்த்திகை மாசம். இன்ஜின் சூடாகுதுன்னு மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினதுல, "தண்ணி இழுக்கிற இம்பெல்லர் தேஞ்சு போச்சு, புதுசு மாத்துங்க"ன்னு சொன்னாரு. இம்பெல்லர்னா ஒன்னும் பெரிய விஷயம் இல்ல. உள்ளங்கையில அடங்குற ரப்பர் பூ. சுத்தி இதழ் இருக்கும். அதுதான் கடல் தண்ணிய இழுத்து இன்ஜினுக்குள்ள சுத்த விட்டு சூட்டைத் தணிக்குது. நானும் அவருமா டவுனுக்குப் போனோம். கடைக்காரரு ரெண்டு எடுத்து வச்சாரு. ஒன்னு கம்பெனி டப்பாவுல, எண்ணூத்திச் சொச்சம். இன்னொன்னு வெறும் பிளாஸ்டிக் கவர்ல, முந்நூறு. பார்க்க ரெண்டும் ஒன்னு போலத்தான் இருந்துச்சு. அவரு பெரிய டப்பாவைக் கையில எடுத்தாரு. நான்தான் சொன்னேன், "ரெண்டும் ஒன்னுதானே, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணும், முந்நூறு ரூபாய்க்கு உள்ளத வாங்குங்க"ன்னு. அவரு ஒன்னும் பேசல. வாங்கிக்கிட்டு வந்துட்டோம். ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிச்சோம்னு எனக்கு அன்னைக்குச் சந்தோசம்.

பதினேழாம் நாள் விடியக்காலம் மூணு மணிக்குப் போனவங்க மத்தியானம் வரல. நாலு மணி ஆச்சு, அஞ்சு ஆச்சு, வரல. ஏழெட்டு மைல் தள்ளிப் போயிருக்காங்க. திரும்பி வரும்போது இம்பெல்லர் இதழ் பிஞ்சு, தண்ணி ஏறாம, இன்ஜின் சூடாகி பிஸ்டன் பிடிச்சிக்கிச்சு. அலை அடிச்சதுல பின்னாடி தண்ணி பீய்ச்சுறது நின்னு போனதை யாரும் கவனிக்கல. வாடைக்காத்து நேரம். தென்கடல்ல வாடை அடிச்சா அது கரைய விட்டு வெளியத்தான் தள்ளும். நங்கூரத்தைப் போட்டிருக்காங்க, கயிறு பத்தல. பத்துப் பன்னெண்டு பாகம் ஆழத்துக்கு எங்க கயிறு பதினஞ்சு பாகம்தான். நங்கூரம் பிடிக்காம அரைச்சுக்கிட்டே போயிருக்கு. கொழுந்தனாரு வலைக் கயித்த அறுத்து, முடிச்சுப் போட்டு நீட்டின பிறகுதான் படகு நின்னிருக்கு. போன் ஈரத்துல செத்துப் போச்சு.

படகுல லைஃப் ஜாக்கெட் இல்ல. எங்க இருந்துச்சு தெரியுமா? எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில. ரெண்டு இருந்துச்சு. ஒன்ன என் மாமியா தலைக்கு வச்சுப் படுத்திருந்தாங்க.

நான் என்ன பண்ணேன்? ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா கெட்ட வார்த்தையா ஆயிடுமோன்னு பயம். வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு வாசல்லயே நின்னேன். ஒன்பது மணிக்கு மாமனாரு ஊர்த் தலைவர்கிட்ட போய்ச் சொன்னாரு. இருட்டுல தேட முடியல. விடிஞ்ச பிறகு நாலு படகு போச்சு, ஏழு மணி வாக்குல கண்டுபிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்க. ரெண்டு பேரும் நனைஞ்சு வெறைச்சுப் போயி வந்தாங்க. உயிரோட வந்தாங்க. 2017-ல ஒக்கிப் புயல்ல குமரி மாவட்டத்துல எத்தனை வீட்டுல இன்னும் திரும்பி வராத ஆளுக்காகக் காத்திருக்காங்கன்னு நம்மளுக்கு எல்லாம் தெரியும். எனக்கு என் ஆளு வந்தாரு.

பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேத்து 26,000 ரூபாய் ஆச்சு. ரெண்டு வாரம் கடல் இல்ல. ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிச்ச கணக்கு அதுதான். இன்னைக்கு வரைக்கும் அவரு யார்கிட்டயும் "இவதான் அத வாங்கச் சொன்னா"ன்னு சொன்னது இல்ல. என் மாமியாவுக்குக் கூடத் தெரியாது. இன்னைக்குத்தான் நான் வாய் திறந்து சொல்றேன். அத்தை முன் வரிசையிலதான் உட்கார்ந்திருக்காங்க.

குழுக் கூட்டத்துல 30,000 ரூபாய் கடன் கேட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. இன்ஜின் ரிப்பேர்னு சொன்னேன். எங்க குழுச் செயலாளர் அக்கா, "என்ன பாகம் போச்சு? ஏன் போச்சு? மறுபடியும் போகாதுன்னு என்ன நிச்சயம்?"னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ஆடு வாங்கக் கடன்னா பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம். தையல் மிஷின்னா ஓட்டிப் பார்த்து வாங்குறோம். இன்ஜினுக்கு மட்டும் ஆம்பளைங்க சமாச்சாரம்னு கண்ணை மூடிக்கிட்டுப் பணத்தைக் கொடுக்கிறோம். ஆனா அந்தப் பணத்துல எத மிச்சம் பிடிக்கணும்னு சொல்றது யாரு? நாமதான்.

மெக்கானிக் அண்ணன் இன்ஜினைப் பிரிச்ச ரெண்டு நாளும் நான் பக்கத்துல ஒரு நாற்பது பக்க நோட்டோட உட்கார்ந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு முதல்ல பிடிக்கல. "பொம்பளை வந்து இன்ஜின் கிட்ட உட்கார்ந்தா ஊரு சிரிக்கும்"னாரு. சிரிச்சாங்க. சிரிச்சவங்க வீட்டுப் பொம்பளைங்க மூணு பேர் அடுத்த மாசம் என் நோட்டை வாங்கிட்டுப் போனாங்க. அதுல உள்ளதத்தான் இப்பச் சொல்றேன்.

முதல் விஷயம் இம்பெல்லர். வருஷத்துக்கு ஒரு தடவை, கெட்டுப் போகாட்டியும் மாத்திடணும். கழட்டிப் பார்த்தா இதழ் எல்லாம் ஒரே பக்கமா மடங்கி நிமிராம இருக்கும், இல்லன்னா அடியில வெடிச்சிருக்கும், அப்ப அது முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஒரு இதழ் பிஞ்சிருந்தா அந்தத் துண்டு எங்க போச்சுன்னு தேடி எடுக்கணும். அது உள்ள போற தண்ணிப் பாதைய அடைச்சுக்கிட்டா புது இம்பெல்லர் போட்டும் பிரயோசனம் இல்ல. தண்ணி இல்லாம கரையில வச்சு அரை நிமிஷம் கூட இன்ஜினை ஓட விடக் கூடாது, ரப்பர் காஞ்சு கருகிடும். கடல்ல ஓடும்போது பின்பக்கம் சின்னத் துவாரத்துல தண்ணி பீய்ச்சுதான்னு அடிக்கடி திரும்பிப் பார்க்கணும். நின்னா உடனே இன்ஜினை நிறுத்தணும்.

ரெண்டாவது கியர் ஆயில். அடிப்பக்கம் இருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்தி ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்தா தெரியும். பால் கலந்த காப்பி மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிடுச்சு, ஆயில் சீல் போயிடுச்சுன்னு அர்த்தம். ஆயிலை மட்டும் மாத்திட்டு விட்டா திரும்பவும் அதேதான் ஆகும். சீலை மாத்தணும். புரொபெல்லரைக் கழட்டும்போது அந்தத் தண்டுல தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னும் பாருங்க. அந்த நரம்புதான் சீலை அறுக்குது.

மூணாவது பிளக். கழட்டினா நுனி டீ நிறத்துல இருந்தா நல்லது. கரியா ஈரமா இருந்தா ஆயில் அதிகம், இல்ல சரியா எரியல. வெள்ளையா வெளுத்திருந்தா இன்ஜின் சூடாகுது, தண்ணியப் பாருங்க. புதுசு வாங்கும்போது "இதுவும் பொருந்தும்"னு கடையில சொன்னா வாங்காதீங்க. இன்ஜின் புத்தகத்துல உள்ள எழுத்தும் நம்பரும் அப்படியே இருக்கணும். ஒன்னு மாட்டி ஒன்னு டப்பாவுல வச்சிருக்கணும்.

எண்ணெயில ஆயில் கலக்கிறத கண் அளவுல ஊத்தக் கூடாது. 50-க்கு 1 கலக்கச் சொல்ற இன்ஜின்னா பத்து லிட்டருக்கு 200 மில்லி. உங்க இன்ஜினுக்கு எவ்வளவுன்னு புத்தகத்தைப் பார்த்து ஒரு பழைய பாட்டில்ல கோடு போட்டு வச்சிருங்க. கேன் அடியில தண்ணி தங்கும். அதனால கேனைக் கவுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத்தாதீங்க. வடிகட்டி வச்ச புனலுக்கு ஆகிற செலவு கம்மிதான்.

அப்புறம் உப்பு. ஓட்டிட்டு வந்தா நல்ல தண்ணி டிரம்முல இன்ஜினை இறக்கி அஞ்சு பத்து நிமிஷம் ஓட்டினா உள்ள இருக்கிற உப்பு கழுவிப் போயிடும். "குடிக்கிற தண்ணியே குடம் காசு குடுத்து வாங்குறோம், இன்ஜினுக்கு எங்க போறது"ன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். அரை டிரம் பிடிச்சு வச்சு ரெண்டு மூணு நாள் அதே தண்ணியில ஓட்டுறோம். நாக்குல உப்புக் கரிச்சா மாத்திடுவேன். மழைத் தண்ணி பிடிச்சா இன்னும் நல்லது. இன்ஜின் அடியில ஒட்டியிருக்கிற துத்தநாகக் கட்டி பாதி கரைஞ்சிருந்தா மாத்துங்க. உப்பு அதத் தின்னுட்டு இன்ஜினை விட்டு வைக்கும். அதுக்கு மேல பெயிண்ட் மட்டும் அடிச்சுடாதீங்க, அடிச்சா வேலை செய்யாது.

எல்லாமே கம்பெனி பொருள்தான் வாங்கணும்னா நம்மால முடியாது. எங்க மிச்சம் பிடிக்கலாம், எங்க கூடாதுன்னு மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டு நோட்டுல ரெண்டு பக்கமா எழுதினேன். இன்ஜின் மூடி உடைஞ்சா ஒட்டிக்கலாம். புரொபெல்லர் நெளிஞ்சா நல்ல பட்டறையில நிமித்திக்கலாம். கைப்பிடி ரப்பர், பெயிண்ட், இன்ஜினைத் தூக்குற வண்டி இதெல்லாம் எதுவானாலும் சரி. ஆனா இம்பெல்லர், ஆயில் சீல், கேஸ்கெட், பிளக், எண்ணெய் வர்ற டியூப், ஸ்டார்ட்டர் கயிறு, நிறுத்துற ஸ்விட்ச் இந்த ஏழுலயும் பேரம் பேசாதீங்க. இதுல எது போனாலும் கடல்லயே நிக்க வேண்டியதுதான். பில் கேட்டு வாங்குங்க. பில் இருந்தா அந்தக் கடைக்குத் திரும்பிப் போய்க் கேக்கலாம்.

பெரிய விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். அந்த நேரத்துல அவங்க இன்ஜினை இறக்கி எல்லாத்தையும் பார்த்துடுவாங்க. நம்ம நாட்டுப்படகுக்குத் தடை இல்ல. தடை இல்லாததால நம்ம இன்ஜினுக்கு ஓய்வும் இல்ல, ஓட ஓட ஓட்டிக்கிட்டே இருக்கோம். அதனால நாமளே ஒரு தடைக்காலம் வச்சுக்கணும். எங்க வீட்டுல கச்சான் காத்து பலமா அடிச்சு கடலுக்குப் போக முடியாத நாள்ல ரெண்டு நாளை இன்ஜினுக்குன்னு ஒதுக்கிட்டோம். அந்தத் தேதி காலண்டர்ல வட்டம் போட்டிருக்கும்.

இப்ப பாதுகாப்புச் சாமான். லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது அங்கீகார முத்திரை இருக்கா, எத்தனை கிலோ ஆளுக்குன்னு போட்டிருக்கா, விசில் இருக்கா, வெளிச்சம் பட்டா மின்னுற பட்டை இருக்கான்னு பாருங்க. போட்டு வாரை இறுக்கிட்டு, பின்னாடி நின்னு தோள்பட்டையைப் பிடிச்சு மேல தூக்குங்க. காது வரைக்கும் ஏறிச்சுன்னா அது அந்த ஆளுக்குப் பெரிசு. தண்ணியில விழுந்தா அவர விட்டுட்டு ஜாக்கெட் மட்டும் மிதக்கும். அது மேல உக்காரக் கூடாது, தலைக்கு வைக்கக் கூடாது, உள்ள இருக்கிற பஞ்சு அமுங்கிப் போயிடும். வருஷத்துக்கு ஒரு நாள் மார்பளவு தண்ணியில போட்டு நின்னு, காலைத் தூக்கிப் பார்க்கணும். முகம் தண்ணிக்கு மேல நிக்கலன்னா அத மாத்துங்க.

"வலை இழுக்க இடைஞ்சலா இருக்கு"ன்னு ஆம்பளைங்க சொல்வாங்க. அது உண்மைதான், நான் போட்டுப் பார்த்திருக்கேன், வெக்கை தாங்காது. அதனால நாங்க ஒரு ஒப்பந்தம் பண்ணோம். இருட்டுல போகும்போதும், காத்து ஏறும்போதும், ஓட்டுறவரு தனியா பின்னாடி இருக்கும்போதும் கட்டாயம் போடணும். வலை இழுக்கிற நேரம் கைக்கெட்டுற இடத்துல கிடக்கணும். நிறுத்துற ஸ்விட்ச்சோட கயித்த ஓட்டுறவரு மணிக்கட்டுல மாட்டிக்கணும். அவரு தவறி விழுந்தா இன்ஜின் நின்னுடும், படகு அவரை விட்டுட்டு ஓடாது.

ஒரு வாளி மூடி போட்டு, அதுக்குள்ள பிளக் ஒன்னு, ஸ்டார்ட்டர் கயிறு, ஸ்பானர், கட்டுக் கம்பி, டார்ச், நெகிழிப் பையில சுத்தின போன், சிவப்பு வெளிச்சம் விடுற கைத்தீப்பந்தம். தீப்பந்தத்துல காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அதப் பாருங்க. துடுப்பு ரெண்டு, தண்ணி இறைக்கிற டப்பா, குடிதண்ணி அஞ்சு லிட்டர். நங்கூரக் கயிறு போற இடத்து ஆழத்தைப் போல மூணு மடங்காவது இருக்கணும். விஎச்எப் கருவி வச்சிருக்கிறவங்க ஆபத்துன்னா 16-ஆம் சேனல்ல கூப்பிடணும். மீன்வளத் துறையில இன்ஜினுக்கும் இந்தச் சாமான்களுக்கும் மானியத் திட்டம் வரும். வாங்கினதுக்கு அப்புறம் போய் நிக்காம, முன்னாடியே போய்க் கேளுங்க.

வீட்டுல நாம செய்ய வேண்டியது ஒன்னு இருக்கு. போகும்போது எந்தப் பக்கம், எத்தனை பேர், எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை மணிக்கு வருவாங்கன்னு கதவுக்குப் பின்னாடி சுண்ணாம்புக் கட்டியில எழுதி வைங்க. சொன்ன நேரத்துக்கு மேல மூணு மணி நேரம் ஆனா, கெட்ட வார்த்தைன்னு நினைக்காதீங்க, ஊர்ல சொல்லுங்க. கடலோரக் காவல் படை நம்பர் 1554. கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093. ரெண்டும் இலவசம். நான் ஒன்பது மணி வரைக்கும் நின்னேனே, வெளிச்சம் இருக்கும்போதே சொல்லியிருந்தா அவங்க அந்த ராத்திரியக் கடல்ல கழிச்சிருக்க வேண்டியதில்ல.

இப்ப எங்க குழுவுல மூணு தீர்மானம் போட்டிருக்கோம். ஒன்னு, இன்ஜினுக்குக் கடன் கேட்டா பாகத்தோட பேரும் விலையும் எழுதிக் கொண்டு வரணும், மாத்தின பிறகு பழைய பாகத்தையும் பில்லையும் கூட்டத்துல கொண்டு வந்து காட்டணும். முதல்ல எல்லாருக்கும் சிரிப்பு. இப்ப பழைய இம்பெல்லரைப் பார்த்தே "இது ஒரு வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு"ன்னு சொல்ற அளவுக்குப் பழகிட்டாங்க. ரெண்டு, சந்தா போக வாரம் 50 ரூபாய் இன்ஜின் சேமிப்பு. வருஷத்துக்கு 2,600 ஆகுது. இம்பெல்லர், பிளக், ஆயில், சீல் எல்லாம் வட்டி இல்லாம அதுலயே முடிஞ்சுது. மூணு, வருஷத்துல ஒரு நாள் எல்லா வீட்டு லைஃப் ஜாக்கெட்டையும் கரைக்குக் கொண்டு வந்து தண்ணியில போட்டுப் பார்க்கிறது. முதல் வருஷம் பதினொன்னு கொண்டு வந்தோம், அதுல நாலு தேறல.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இதுதான். கடலோரக் குழு எல்லாத்துலயும் இந்த மூணு தீர்மானத்தையும் போடணும். மெக்கானிக் ஒருத்தரைக் கூப்பிட்டு நம்ம பெண்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கணும். வருஷம் 20 ரூபாய் கட்டினா 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கே, அத நம்ம ஆம்பளைங்க பேர்ல விட்டுப் போகாம கட்டுறோமான்னு ஒவ்வொரு குழுவும் பார்க்கணும்.

அத்தை, உங்க பிள்ளை அந்த ராத்திரி திரும்பி வராம நீங்க அழுதீங்களே, அதுக்கு நான் எடுத்த முடிவும் ஒரு காரணம். மூணு வருஷமா சொல்லத் தைரியம் வரல. மன்னிச்சுக்கோங்க. உங்க தலைக்கு வேற தலையணை தச்சுக் கொடுத்துட்டேன், ஜாக்கெட் இப்ப படகுலதான் இருக்கு.